ஈரம் காயாத பொட்டு

எண்பத்தெட்டாம் வருஷம், ஆயுத பூசைக்கு மறுநாள். டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபிசில் கொம்பியூட்டர் உறுமியது. மொனிட்டர் மட்டும் இருண்டு கிடந்தது. ஹட்டனிலிருந்து வந்த மெக்கானிக் கஸ்பர் வயரைக் கழற்றி மாட்டினான், வெளிச்சத் திருகைத் திருகினான், அதன் மண்டையில் ஒரு தட்டுத் தட்டியும் பார்த்தான். இதையும் சரிசெய்யாவிட்டால் வேலைக்கு வரவேண்டாம் என்று ரிப்பேர் கடை முதலாளி சொல்லியிருந்தார்.

திரை நடுவே ஒரு குங்குமப் பொட்டு.

"பேக்டரி மிசினுக்கெல்லாம் வைக்கிற மாதிரி இதுக்கும் வச்சேங்க ஐயா," என்றாள் ஆபிஸ் கூட்டும் மீனம்மா.

"கண்டதுக்கெல்லாம் வைப்பீங்களா?" என்று எரிந்து விழுந்த கஸ்பர், துணியால் அழுத்தித் துடைத்தான். துணி சிவக்கவில்லை. நகத்தால் சுரண்டினான். பொட்டு கண்ணாடியின் உட்பக்கம் இருந்தது. காற்றுகூடப் புகாதபடி அடைத்த கண்ணாடி அது.

வாய்க்குள் திட்டிக்கொண்டே வேனிலிருந்து புது மொனிட்டரைத் தூக்கி வந்தான். பெட்டியைக் கிழித்து, வயரை மாட்டி, சுவிச்சைப் போட்டான். அதுவும் இருட்டு. அந்த இருட்டின் நடுவில், உட்பக்கமாக, ஈரம் காயாத குங்குமம் மெல்ல வழிந்துகொண்டிருந்தது.

புதுசுக்கும் வைக்கலாமென்று குங்குமச் சிமிழோடு வந்து நின்ற மீனம்மா, "இதுக்கு நான் இன்னும் வைக்கலீங்களே ஐயா," என்றாள்.