ஏரியைச் சுற்றப் போனவர்கள்

"சைக்கிளை எல்லாம் ஏத்த முடியாதும்மா. லக்கேஜ் வேன்ல எள்ளு போட இடமில்ல" என்றார் ரயில் கார்டு.

"இருக்கு சார். அந்த மூட்டைகளைக் கொஞ்சம் தள்ளினா ஒரு சைக்கிள் என்ன, நீங்களும் நானுமே உக்காரலாம்" என்று சொல்லிக்கொண்டே சைக்கிளைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டாள் வாயாடி.

அது அவளுக்கு வீட்டில் கிடைத்த பெயர். இருபத்தாறு வயதில் அவள் வாயை மூடியது தூங்கும்போது மட்டும்தான். அவளோடு வந்தவரை ஊரே டீச்சர் என்றுதான் கூப்பிடும். டீச்சரோ தெரிந்த முகம் ஏதாவது பார்த்துவிடப் போகிறதே என்று பிளாட்பாரத்தில் நாலு பக்கமும் முழித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, முழிச்சது போதும். ஏறுங்க!"

ரயில் கிளம்பியது. டீச்சர் வாயாடியின் கையைப் பிடித்து இழுத்தார்.

"பேசாம அடுத்த ஸ்டேஷன்ல இறங்கித் திரும்பிடலாமா? கலெக்டர் முகத்துல எப்படி முழிக்கிறது?"

கலெக்டர் என்பது, அந்த வீட்டில் எதற்கெடுத்தாலும் உத்தரவு போடுகிற ஆளுக்கு இருவரும் ரகசியமாக வைத்திருந்த பட்டம். கல்யாணப் பேச்சு எழுந்த அன்றே, 'நான் உயிரோட இருக்கிற வரைக்கும் இது நடக்காது' என்று குதித்துவிட்டார். மாப்பிள்ளை லைப்ரரியன், தங்கமான மனுஷன், அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார் என்று எவ்வளவு சொல்லியும் கேட்டால்தானே! மானம் போகும், நாலு பேர் சிரிப்பார்கள், இதே பாட்டு. இன்று காலை கார் சாவியையும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போனார்.

"ரயில்ல போயி, பஸ் பிடிச்சு, சைக்கிள்ல ஏரியைச் சுத்திப் பாத்துட்டு வர்றோம்னு பொய் சொல்லிட்டு வந்துட்டோமே" என்றார் டீச்சர்.

"எதும்மா பொய்? ரயில் இருக்கு, பஸ் இருக்கு, சைக்கிள் இருக்கு. ஏரி மட்டும்தான் இல்ல."

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. வாயாடி சிரிக்கவில்லை.

"விளையாட்டு இல்லம்மா. இன்னிக்கு அரை நாள்தான் ரிஜிஸ்தர் ஆபீஸ். கல்யாண நோட்டீஸோட மூணு மாசக் கெடுவும் இன்னிக்கோட சரி. விட்டா முதல்லேருந்து மறுபடி நோட்டீஸ் ஒட்டணும். அதுக்குள்ள கலெக்டர் மோப்பம் பிடிச்சு ஆட்சேபணை எழுதிக் குடுத்துடுவார். அப்புறம் இந்தக் கல்யாணத்தை மறந்துட வேண்டியதுதான்."

ரயிலை விட்டு இறங்கினால், பஸ் கண்டக்டர் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"ஆள் ஏறலாம். சைக்கிள் ஏறாது."

"அதுக்கும் ஒரு டிக்கெட் போடுங்கண்ணே. பாலம் இடிஞ்ச இடத்துல எங்களை இறக்கி விட்டுட்டு நீங்க பாட்டுக்குத் திரும்பிடுவீங்க. அதுக்கு மேல மரப்பாலத்துல நடக்கிறவங்களும் சைக்கிளும்தானே போக முடியும்? ஊர் வரைக்கும் நீங்களா என்னைத் தூக்கிட்டுப் போவீங்க?"

பஸ்ஸே கொல்லென்று சிரித்தது. கண்டக்டர் வழிவிட்டார். வாயாடி பின்பக்க ஏணியில் ஏறி மேலிருந்து சைக்கிளை இழுக்க, டீச்சர் கீழிருந்து முட்டுக்கொடுத்துத் தள்ளினார்.

"பொண்ணை நல்லா வளத்திருக்கீங்கம்மா!" என்றார் கண்டக்டர்.

"நான் எங்கப்பா வளத்தேன்? அது தானா வளந்தது" என்றார் டீச்சர் மூச்சு வாங்கிக்கொண்டு.

மரப்பாலம் தாண்டியதும் மேடு ஆரம்பித்தது. டீச்சரைக் கேரியரில் உட்காரவைத்து வாயாடி மூச்சைப் பிடித்து மிதித்தாள். வெயில் மண்டையைப் பிளந்தது. கைப்பையில் போன் விடாமல் அடித்தது. லைப்ரரியன்தான். 'ஆபீஸைப் பூட்டச் சாவியை எடுத்துட்டாங்க. எங்க இருக்கீங்க?' என்றார், அழாத குறையாக.

போனை வைத்ததும் டீச்சர் கேரியரிலிருந்து இறங்கிவிட்டார்.

"வேண்டாம் கண்ணு, திரும்பிடலாம். ஊரு காறித் துப்பும்."

வாயாடி சைக்கிளை நிறுத்தினாள். அவளுக்கே அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"ஊரு பத்து நாள் சிரிக்கும்மா. அப்புறம் வேற ஆளைப் பாத்துச் சிரிக்கப் போயிடும். ஆனா இந்தக் கல்யாணம் நின்னுபோச்சுன்னா, ஒரு மனுஷி காலம் பூரா தனி மரமா நிக்கணும். எது பரவாயில்ல? நீங்களே சொல்லுங்க."

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார்.

"தள்ளு. நீ பின்னாடி உக்காரு. நீ மிதிக்கிற லட்சணத்துக்கு நாளைக்குத்தான் போய்ச் சேருவோம்."

அப்புறம் அந்தச் சைக்கிள் எங்கேயும் நிற்கவில்லை. மேடாவது பள்ளமாவது! வழியில் ஒரு லாரிக்காரனே பயந்து ஒதுங்கினான்.

பதிவு அலுவலக வாசலில் லைப்ரரியன் ஓடி வந்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார். கதவை இழுத்துச் சாத்தப்போன பியூனின் கைக்கு அடியில் குனிந்து உள்ளே நுழைந்தாள் வாயாடி. மற்ற இருவரும் அவள் பின்னாலேயே போனார்கள்.

லீவில் போனவருக்குப் பதிலாக வந்திருந்த அதிகாரி, கிளம்புகிற அவசரத்தில் ரிஜிஸ்தரைத் திறந்து பேனாவை வாயாடியிடம் நீட்டினார். அப்போதுதான் மாப்பிள்ளையை நிமிர்ந்து பார்த்தார். பஞ்சாய் நரைத்த தலை. அதிகாரியின் முகம் கடுத்தது.

"பயப்படாம சொல்லும்மா. இந்தக் கல்யாணத்துல உனக்கு முழுச் சம்மதம்தானா?"

"எனக்கு முழுச் சம்மதம் சார். என் வீட்டுக்காரர்தான், பெத்த அம்மாவுக்கு இந்த வயசுல கல்யாணமான்னு குதிக்கிறார்" என்று பேனாவை வாங்கித் தன் மாமியாரின் கையில் கொடுத்தாள் வாயாடி.