விலை அட்டையின் கடைசி வரி

விலை அட்டை சுவரில் ஏறி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் சோதனை படியேறி வந்துவிட்டது.

வந்தவருக்கு எழுபது வயதிருக்கும். சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டி அளவில் ஒரு பழைய கல்யாணப் படத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். மனைவி போய் ஒரு வருஷமாகிறதாம். பெரிதாக்கிச் சுவரில் மாட்ட வேண்டுமாம்.

ஸ்டுடியோக்காரிக்கு இளகிய மனசு. வந்தவர் முகம் சுருங்கினால் போதும், பாதி விலைக்குப் பிரிண்ட் போட்டுக் கொடுத்துவிடுவாள். தாள் விற்கிற விலையில் இந்தத் தர்மம் தாங்குமா? கூட்டாளியான அக்கா நேற்றே கறாராகச் சொல்லிவிட்டாள். இனி ஒரு காசு குறைத்தாலும் கடையை நீயே கட்டிக்கொண்டு அழு, நான் விலகிக்கொள்கிறேன் என்று.

அட்டையை மாட்டியதும் அவள்தான். இப்போது உள்ளறையில் உட்கார்ந்து காதை இங்கே வைத்திருக்கிறாள்.

பெரியவர் அட்டையின் முதல் வரியில் விரல் வைத்தார். சுவர் நிறைக்கும் படம்.

விரல் கீழே இறங்கியது. ஒவ்வொரு அளவிலும் நின்றது, யோசித்தது, மறுபடி இறங்கியது. உள்ளங்கை அளவுப் படத்தின் கடைசி வரியில் போய் நின்றுவிட்டது.

ஸ்டுடியோக்காரிக்கு மனசு கேட்கவில்லை. குரலைத் தணித்துக்கொண்டு, சின்னப் படத்தின் விலைக்கே பெரியதைத் தருகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

உள்ளே நாற்காலி நகர்ந்தது. போச்சு.

பெரியவர் சிரித்தார். "காசு இருக்கும்மா, இடம்தான் இல்ல. நாளைக்கு முதியோர் இல்லத்துக்குப் போறேன். கட்டிலுக்கு மேல ஒரு சாண் சுவருதான் தருவாங்களாம்."

அக்கா அறை வாசலில் வந்து நின்றிருந்தாள். சண்டைக்கு வந்தவள் சண்டையை மறந்துவிட்டாள்.

படத்தை வாங்கிப் பார்த்தாள். இருவரும் முழு உருவமாக, கூச்சத்தில் ஒரு முழம் தள்ளித் தள்ளி நின்றிருந்தார்கள். இத்தனை சின்ன அளவில் முகம் மிளகளவுதான் தெரியும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப என்னை வெட்டிடுங்கம்மா," என்றார். "நான்தான் அங்கேயே இருக்கப் போறேனே."