தம்பியை அழைத்துப்போக வந்தவர்கள்

கணவனும் மனைவியும் ஆறு வயது மகளும் விமானமேறி வந்திருந்தார்கள். இல்லத்தின் பொறுப்பாளரான நான், அவர்கள் தத்தெடுக்கும் ஆண் குழந்தையை மனைவியின் கையில் கொடுத்தேன்.

"தம்பி என் பக்கத்துலதான் தூங்குவான்!" என்று துள்ளினாள் சிறுமி.

கடைசிப் படிவத்தை நிரப்பும்போது, "திரும்பிப் போக எத்தனை டிக்கெட்?" என்று கேட்டேன்.

"மூணு," என்றார் கணவர்.

"குழந்தையோட நாலு பேராச்சே?"

மனைவி குரலைத் தாழ்த்தினாள். "இவளையும் அஞ்சு வருஷம் முன்னாடி இங்கதான் எடுத்தோம். வளர வளரக் கறுத்துட்டா. திருப்பி எடுத்துக்குவீங்கல்ல?"

அது சிறுமியின் காதில் விழுந்துவிட்டது.

"தம்பியும் கறுத்துட்டா என்னம்மா பண்ணுவீங்க?"

குழந்தையைப் பிடுங்கிக்கொண்டேன். படிவத்தைக் கிழித்தேன்.

"வெளியே போங்க!"

இருவரும் எழுந்தார்கள். சிறுமி எழுந்திருக்கவில்லை.