தங்கசாமி அண்ணாச்சியின் எக்ஸ்ரே

இசக்கிச்செல்வி எக்ஸ்ரே பிலிமை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

"யாருக்குள்ளதுண்ணே இது?"

"எங்க பட்டறைல தங்கசாமி அண்ணாச்சி இருக்காவல்லா, அவியளுக்குள்ளது. பழசு. தூரப் போட வச்சிருந்தாவ."

சங்கிலிப்பாண்டி தங்கையின் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

மூலையில் இருந்த தன் பெயரையும் தேதியையும் காலையிலேயே பிளேடால் சுரண்டி எடுத்திருந்தான்.

வெள்ளிக்கிழமை அவன் சவுதிக்குப் போகிறான். வீட்டில் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

விசாவுக்கான மெடிக்கலில் அவன் தேறவில்லை என்று தள்ளிப் பதினொரு நாளாகிறது. நெஞ்சில் ஒரு தழும்பு. நம்பாமல் வேறொரு டாக்டரிடம் போய் இந்தப் படத்தை எடுத்தான். எப்போதோ வந்து தானாக ஆறிப்போன நோய், இப்போது உடம்புக்கு ஒன்றுமில்லை, ஆனால் தழும்பு இருந்தால் அங்கே உள்ளே விடமாட்டார்கள் என்றார். தழும்பு எப்போது போகும் என்று கேட்டான். டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வெல்டிங் பட்டறையில் ஏற்கெனவே துண்டு போர்த்தி வழியனுப்பிவிட்டார்கள். அவன் நின்ற இடத்தில் கடம்பூர்க்காரன் ஒருவன் நிற்கிறான்.

அங்கேயும் போக முடியாது. இங்கேயும் திரும்ப முடியாது. அம்மா ஆவுடைத்தாய் அடுப்படியில் அவனுக்காகப் பருப்புப்பொடி வறுத்துக்கொண்டிருந்தாள்.

வழியனுப்ப எப்போதும்வென்றான் ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வருவார்கள். முன்னறைச் சுவருக்கு முன்னால் நின்று போட்டோ எடுக்க வேண்டுமாம். அதற்காக வெள்ளையடித்த சுவரில் விமானம் வரையப் போகிறாள் தங்கை. போனில் பார்த்துக் கற்றுக்கொண்டது. அச்சை அட்டையில் வெட்டினால் பெயிண்ட் ஊறிப் பிசிறடிக்கும், எக்ஸ்ரே பிலிம்தான் வேண்டும் என்று மூன்று நாளாக நச்சரித்தாள்.

கொடுத்துவிட்டான்.

குப்பையில் போட்டால் அம்மா திரும்ப எடுத்து வந்துவிடுவாள். வெட்டித் துண்டாக்கிவிட்டால் தொலைந்தது.

இசக்கிச்செல்வி பிலிமின் கீழ்ப்பக்கம் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு விமானம் வரைந்தாள். மறுபடியும் வெளிச்சத்தில் பிடித்தாள். இந்த முறை வெகுநேரம்.

எச்சில் தொட்டு விமானத்தை அழித்தாள். மேலே, ஓரமாக, வேறொன்று வரைந்தாள்.

கரும்பலகையில் சுண்ணாம்பு தெறித்த மாதிரித் தழும்பு இருந்த இடம் அது. அதன் மேலேயே பிளேடு இறங்கியது.

நல்ல காலம் என்று நினைத்துக்கொண்டான். கழன்று விழுந்த பிலிம் துண்டை எடுத்து மடக்கிச் சட்டைப்பையில் போட்டான்.

"இங்கன புடி. அசையாத."

இரண்டு கையையும் விரித்து, பிலிமைச் சுவரோடு அழுத்தியபடி நின்றான். சுவர் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

அவள் ஸ்பிரே டப்பாவைக் குலுக்கினாள். உள்ளே கிடந்த குண்டு வெளியே வர வழி தேடுவதுபோலக் கடகடவென்று முட்டியது.

சட்டென்று குலுக்குவதை நிறுத்தினாள். துண்டை நனைத்து வந்து அவன் மூக்கையும் வாயையும் சுற்றிக் கட்டினாள்.

"நெடி ஒனக்கு ஆவாது."

"எனக்கென்னட்டி? வெல்டிங் புகையத் தின்னு வளந்தவன் நான்."

"வாய மூடு மொதல்ல."

தனக்கு அவள் எதுவும் கட்டிக்கொள்ளவில்லை.

நீலம் சீறியது. துண்டையும் மீறி நெடி உள்ளே இறங்கியது. இருமல் தொண்டைவரை வந்தது. கண்ணில் நீர் முட்ட, அசையாமல் விழுங்கினான்.

அம்மா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

"ஏட்டி, அது என்ன, ஏரோப்ளேனா கருவாடா?"

"ஏரோப்ளேன்தான். ஒம் மவன் உள்ள இருக்கான், நல்லாப் பாரு."

அம்மா சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.

பிலிமை மெல்ல உரித்தார்கள். சுவரில் விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. வால் மட்டும் கொஞ்சம் கோணல்.

இசக்கிச்செல்வி பிலிமை மறுபடியும் ஜன்னலுக்குக் கொண்டுபோனாள். விமானம் வெட்டிய ஓட்டை வழியாக வெயில் தெரிந்தது. தழும்பு இல்லை. சங்கிலிப்பாண்டி துண்டை அவிழ்த்து மூச்சு விட்டான்.

அவள் பெயிண்ட் பட்ட விரலை ஓட்டைக்கு மேலே வைத்தாள்.

தோள்பட்டை எலும்பு. நடுவில் முடிச்சு விழுந்து, கற்றுக்குட்டி வைத்த வெல்டு மாதிரி கோணலாகச் சேர்ந்திருந்தது.

கழுகுமலை ரோட்டில் சைக்கிளோடு விழுந்து அது ஒடிந்தபோது அவனுக்குப் பன்னிரண்டு வயது. கேரியரில் உட்கார்ந்திருந்தவள் அவள்தான். ஒரு மாதம் அவனுக்குச் சோறு ஊட்டியதும் அவள்தான்.

பெயரைச் சுரண்டியவனுக்கு எலும்பு ஞாபகம் வரவில்லை.

அவள் அதே விரலை நீட்டி, சட்டைக்கு மேலாக அவன் தோளில் அந்த முடிச்சைத் தொட்டாள்.

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"என்னட்டி, முடிஞ்சிட்டா? நான் வந்து தொட்டுப் பாக்கவா?"

"வராதம்மா, இன்னும் காயல," என்றாள். விரலை எடுக்கவில்லை.