தாவ வேண்டிய முகவரி

லேப் பரீட்சையில் கடைசிப் பட்டனை அழுத்தினாள்.

விடை வந்திருக்க வேண்டும். வரவில்லை. மைக்ரோபிராசஸர் கிட்டின் சின்னத் திரையில் ஒரே ஒரு சிவப்பு எழுத்து நின்று எரிந்தது. இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

எங்கே ஓடுகிறது?

புரோகிராமை எழுதி வைத்திருந்த தாளைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

புரோகிராமில் வேறொரு கட்டளைக்குத் தாவச் சொல்லும் இடத்தில், போக வேண்டிய முகவரியின் பின்பாதியை முதலில் போட வேண்டும். கவரில் கதவு எண்ணை முதலிலும் ஊரைக் கடைசியிலும் எழுதுவதைப் போல. அவள் ஊரை முதலில் போட்டிருந்தாள். முதல் வாரமே சொல்லிக்கொடுக்கிற பாடம் இது.

ரீசெட் செய்தாள். எழுதியது எதுவும் மிச்சமில்லை. பிராசஸர் தப்பான முகவரிக்குப் போய், அங்கே கிடந்ததையெல்லாம் கட்டளை என்று நம்பிச் செய்து, அவள் எழுதிய புரோகிராமையும் அழித்துவிட்டிருந்தது.

மறுபடி அடிக்க நேரமில்லை.

தேறாமல் பாக்கி நின்றவற்றில் இதுதான் கடைசி அரியர். தேறினால் ஓசூர் கம்பெனி வேலை. தேறாவிட்டால் தை மாதம் மாமாவோடு கல்யாணம். மாமா, இறந்துபோன அக்காவின் கணவர். அப்பா அப்படித்தான் பேசி முடித்திருந்தார்.

வெளியூரிலிருந்து வந்த எக்ஸாமினர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அடுத்து எங்க போகணும்னு பிராசஸருக்கு எப்படிம்மா தெரியும்?"

"புரோகிராம் கவுன்ட்டர்ல அடுத்த முகவரி இருக்கும் சார். ஒவ்வொண்ணா எடுக்க எடுக்க அதுவா ஏறிக்கிட்டே போகும். தாவுன்னு சொன்னா நாம குடுத்த முகவரியை அப்படியே போட்டுக்கும்."

"தப்பான முகவரியா இருந்தா?"

"அதுக்குத் தெரியாது சார். போயிரும்."

அவர் அவளுடைய தாளை எடுத்துப் பார்த்தார்.

"எல்லாம் தெரிஞ்சிருக்கு. அவுட்புட் வரலியேம்மா."

மனசில்லாமல்தான் தேறாத மார்க்கை எழுதினார். எழுதிவிட்டார்.

படியிறங்கினாள். அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது, யார்மேல் என்று தெரியாமல்.

கேட்டுக்கு வெளியே பைக்கில் மாமா காத்திருந்தார். முன்னால் அக்காவின் குழந்தை. மாமா நல்லவர்தான். கெட்டவராக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

குழந்தை இரண்டு கைகளையும் நீட்டியது.

"சித்தி!"

மாமா குனிந்து, யாருக்கும் கேட்கக்கூடாது என்பதுபோல அதன் காதில் சொன்னார்.

"சித்தி இல்ல கண்ணு. தாத்தா வீட்ல எல்லாரும் எப்படிக் கூப்பிடச் சொன்னாங்க?"

குழந்தை அவள் முகத்தைப் பார்த்து யோசித்தது.

பரீட்சை என்ன ஆயிற்று என்று அவள் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.