சிரித்தால் வரும் படங்கள்

ரெஜினா வடிவமைத்த டிஜிட்டல் ஆல்பத்தில் யாரும் படங்களைத் தேட வேண்டியதில்லை. பார்ப்பவரின் முகத்தை அது கவனித்துக்கொண்டே இருக்கும். முகம் மலர்ந்தால் அந்தப் படத்தை மேலே கொண்டுவரும்; வாடினால் கண்ணுக்கு எட்டாமல் கீழே தள்ளிவிடும். மனதை நோகடிக்கும் படம் யாருக்கு வேண்டும் என்று வாதாடி, அந்த வசதியைச் சேர்க்க வைத்தவளே அவள்தான்.

கணவன் சேவியர் இறந்த பிறகு, அலுவலகம் விட்டு வந்ததும் அவன் படங்களைத்தான் திறப்பாள். திறந்ததும் அழுவாள். மழைக்காலம் முடிவதற்குள் கல்யாணப் படங்கள் காணாமல் போயின. பிறகு கொடைக்கானல் படங்கள். கடைசியில் அலுவலக விருந்துகளும் பக்கத்து வீட்டுப் பூனையும்தான் மிஞ்சின.

பதறிப்போய், உடன் வேலை பார்க்கும் மும்தாஜை அழைத்தாள்.

"எனக்கு மட்டும் அந்த முகம் பாக்குறதை நிறுத்திர முடியாதா மும்தாஜ்?"

"அது எல்லார் வீட்லயும் ஓடுற ஆல்பம் அக்கா. உங்களுக்கு மட்டும் எப்படி நிறுத்துறது?" என்ற மும்தாஜ், ஒரு வழி சொன்னாள். "பேரைச் சொல்லிக் கூப்பிட்டா ஒரு படமாவது வரும். வந்ததும் சிரிங்கக்கா. மத்ததும் வந்துரும்."

"சேவியர்" என்றாள் ரெஜினா.

லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அவன் மீன் கழுவும் படம் வந்தது. உதடு நடுங்கச் சிரித்தாள். பக்கத்தில் இன்னொன்று வந்தது. பிறகு, கோட்டும் சூட்டுமாக மாதா கோயில் வாசலில் அவன் நிற்கும் படம்.

அடக்க முடியாமல் போனபோது சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பி அழுதாள். முந்தானையால் முகத்தைத் துடைத்து, சிரிப்பை வரவழைத்துக்கொண்டு திரும்பினாள். அவன் அங்கேயே இருந்தான்.