நம்பர் இல்லாத சட்டை

லியோபோல்ட் தன் கால்பந்து பூட்ஸின் அடியிலிருந்த ஆணிகளைக் குறடால் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"ரயில் ஒன்பதுக்குங்க! ஆணி இல்லாம புல்லுல சறுக்காதா?" என்றாள் மனைவி ஹெட்விக், பெட்டியை மூடியபடி.

"போற இடத்துல புல்தரையா விரிச்சு வெச்சிருக்கான்?"

"ஜெர்மனி டீமுக்காக ஆடப் போனப்பவும் கடைசி நிமிஷத்துல இதே கூத்துதான். அப்ப சட்டையில நம்பர்கூடக் கிடையாது."

"நம்பர் எதுக்குடி? என் காலைப் பார்த்தே சனங்க பேரைச் சொல்லிக் கத்துவாங்க!"

யூதர்கள் அணிந்தே ஆகவேண்டிய மஞ்சள் நட்சத்திரம் தைத்த கோட்டுகளை மாட்டிக்கொண்டு இருவரும் கிளம்பினார்கள்.

ஸ்டேஷனில், நாடு கடத்தப்படும் யூதர்களின் வரிசை மெல்ல நகர்ந்தது. அங்கிருந்த போலீஸ்காரன், லியோபோல்டின் கால்களைப் பார்த்ததும் சட்டென்று நிமிர்ந்தான்.

"லியோ..." என்று வாயெடுத்தவன், அப்படியே விழுங்கிக்கொண்டான்.

பிறகு அவர் கழுத்தில் ஓர் அட்டையை மாட்டினான். அதில் 317 என்று எழுதியிருந்தது.